நேரில் விசாரித்ததில்

ஜூன் 12, புதன்

காலையில் ஜன்னலைத் திறந்தால் மலையைக் காணோம். அடிவாரம் வரை மேகம் இறங்கிக் கிடந்தது. இவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பாகி, சாரல் பிடிச்சிட்டு. இன்னைக்குப் போகலைன்னா அப்புறம் ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துலதான் இடிபடணும்" என்றார்.

இவருக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை. பள்ளிக்கூடம் திறந்து மூன்றாவது நாள். விளையாட்டு வாத்தியாரை யாரும் தேடப் போவதில்லை. எனக்குத்தான் தற்செயல் விடுப்பு நான்கு நாள் மிச்சம், அதைத் தீபாவளிக்கு வைத்திருக்கிறேன். ஆனால் என் வேலையில் ஒரு வசதி உண்டு. அலுவலகத்தில் இல்லையென்றால் வெளியூர் விசாரணைக்குப் போயிருக்கிறேன் என்று அர்த்தம். பயணக் குறிப்பில் கீழப்புதுக்குளம் என்று போட்டுக்கொள்ளலாம். எப்படியும் இந்த வாரம் போக வேண்டிய ஊர்தான்.

நிகிலாவையும் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஐந்தருவியில் பெண்கள் பக்கம் பத்துப் பேர்கூட இல்லை. முதல் தண்ணீர் தலையில் விழுந்ததும் மூச்சே நின்றுவிடும். அதற்கப்புறம் வெளியே வர மனசு வராது. நிகிலா என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, போதும், பசிக்கு" என்ற பிறகுதான் வந்தேன். மிளகாய் பஜ்ஜி, அப்புறம் மங்குஸ்தான்.

பஜ்ஜி தின்னும்போது கீழப்புதுக்குளம் சங்கரபாண்டியிடமிருந்து போன். அருவி இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். பத்து நிமிடம் விவரமாகச் சொன்னார். அவ்வளவு தூரம் போகிற வேலை மிச்சம்.

இவ்வளவு நல்ல நாள் இந்த வருஷத்தில் இன்னும் வரவில்லை.

ஜூன் 14, வெள்ளி

ஆவுடையம்மாள் அறிக்கை முடிந்தது.

நான் செய்கிற வேலையைச் சொந்தக்காரர்களுக்குப் புரிய வைக்க இன்றுவரை முடியவில்லை. நன்னடத்தை அலுவலர் என்றால், பள்ளிக்கூடத்தில் ஒழுக்கத்துக்குப் பரிசு கொடுப்பவள் என்று சின்ன மாமியார் நினைத்துக்கொண்டிருக்கிறார். குற்றம் நிரூபணமான சிலரைச் சிறைக்கு அனுப்பாமல், பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் வெளியே விடும். அவர்கள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. இப்போது நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆவுடையம்மாளுக்கு முப்பத்தாறு வயது. பீடி சுற்றுகிறவள். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போய் ஆறு வருஷமாகத் தகவல் இல்லை. பிள்ளை கிடையாது. புருஷனின் அண்ணன் சங்கரபாண்டியும் அவர் மனைவி வடிவும் ஒரே வீட்டின் மறுபாதியில் இருந்தார்கள். தண்ணீர் பிடிக்கிற சண்டையில், கழன்று கிடந்த அடிபம்புக் கைப்பிடியை எடுத்து வடிவை அடித்துவிட்டாள். வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. முதல் குற்றம் என்பதால் இரண்டு வருஷக் கண்காணிப்பில் விட்டார்கள். வடிவின் வீட்டுப் பக்கம் போகக் கூடாது, அவளோடு பேசக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் தன் பாதியைப் பூட்டிவிட்டுப் பக்கத்துத் தெருவில் ஓர் அறையில் குடியிருக்கிறாள்.

இப்போது சங்கரபாண்டி நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறார். தான் வேலையிலிருந்து பாதியில் வந்தபோது ஆவுடையம்மாள் தங்கள் வீட்டு அடுப்படியில் நின்றாள் என்று. நீதிமன்றம் என்னிடம் அறிக்கை கேட்டது.

"12.6 அன்று நேரில் விசாரித்ததில்" என்று ஆரம்பித்தேன். எல்லா அறிக்கையும் அப்படித்தான் ஆரம்பிக்கும். கை தானாகவே எழுதிவிடுகிறது. நிபந்தனையை மீறியது உண்மை என்று தெரியவருகிறது. அவ்வளவுதான், ஒன்றரைப் பக்கம்.

முதல் தடவை மீறினால் ஐம்பது ரூபாய் அபராதத்தோடு விட்டுவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பரிந்துரை எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டேன். நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூன் 20, வியாழன்

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. மூன்று நாளாக ரவை உப்புமா. இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 3, புதன்

ஆவுடையம்மாளுக்கு ஒரு வருஷம் சாதாரணச் சிறை.

விசாரணை கால் மணி நேரம்கூட இல்லை. நடுவர், "அந்த வீட்டுக்குப் போனியாம்மா?" என்று கேட்டார். "போனேன்யா" என்றாள். "போகக் கூடாதுன்னு தெரியும்ல?" "தெரியும்யா." "பின்ன எதுக்குப் போன?" சேலை முந்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் முறை கேட்டார். அப்போதும் முந்தியைத்தான் பார்த்தாள். என் அறிக்கையைப் புரட்டினார். அதோடு முடிந்துவிட்டது.

பெண் போலீஸ் கூட்டிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து, "வாரேம்மா" என்றாள். மாதாமாதம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது சொல்லுவது அதுதான். வழக்கமாக வந்துவிட்டது போலிருக்கிறது.

மத்தியானம் நல்ல பசி. பரமசிவம் வாங்கி வந்த பிரியாணியை முழுசாகச் சாப்பிட்டேன். பரமசிவம் எங்கள் அலுவலக உதவியாளர். என்னோடு எட்டு வருஷம். "அந்தப் பொம்பள ஒரு மாசங்கூட லேட்டா வந்ததில்ல மேடம்" என்றார். எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

நிகிலா கோ-கோ அணியில் தேர்வாகிவிட்டாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. கேசரி செய்தேன்.

பதிவேட்டில் ஆவுடையம்மாள் பக்கத்தை மூட வேண்டியிருந்தது. பதினோரு மாதம், பதினோரு கையெழுத்து. எல்லாம் ஒன்றாம் தேதி. இதை அறிக்கையில் ஒரு வரி எழுதியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

இலவச சட்ட உதவி மையத்திலிருந்து செல்வின் என்று ஒரு வக்கீல் வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆவுடையம்மாளுக்காக மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்திருக்கிறார். அவளாகக் கேட்கவில்லையாம், சிறைக்குப் போனபோது இவர்தான் பேசிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

"உங்க அறிக்கையைப் படிச்சேன் மேடம். சங்கரபாண்டி சொன்னது இருக்கு. வடிவு என்ன சொன்னாங்க?"

"வீட்டுக்காரர்தான் பேசினார்."

"அடிபட்டது அவங்கதானே. நீங்க போனப்ப அவங்களைப் பார்க்கலையா?"

"உள்ள இருந்தாங்க" என்றேன்.

அது பொய் இல்லை. கை முடியாத பெண், வீட்டுக்குள்தான் இருந்திருப்பாள்.

அவர் பயணக் குறிப்பின் நகல் கேட்டு மனு கொடுத்துவிட்டுப் போனார். டீ வாங்கிக் கொடுத்தேன். மரியாதையான பையன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

மேல்முறையீடு முடியும்வரை ஆவுடையம்மாளை வெளியே விட உத்தரவு வந்திருக்கிறது. ஆனால் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். யாரும் வரவில்லை. உத்தரவு இருக்கிறது, அவளும் உள்ளேயே இருக்கிறாள்.

சாயங்காலம் நிகிலாவுக்கு ஷூ வாங்கினோம். ஆறாம் நம்பர். என் கால் அளவு!

ஆகஸ்ட் 21, புதன்

மாவட்ட நீதிபதி கூடுதல் அறிக்கை கேட்டிருக்கிறார். "பாதிக்கப்பட்ட வடிவு என்பவரை நன்னடத்தை அலுவலர் நேரில் விசாரித்து" என்று உத்தரவில் இருக்கிறது. 'நேரில்' என்பதற்குக் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் போட்டதா அங்கேயே போட்டதா தெரியவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கீழப்புதுக்குளம் போனேன்.

இரண்டு பஸ். இரண்டாவது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. ஊர் நான் நினைத்ததைவிடச் சின்னது. வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. நீளமான ஓட்டு வீடு, நடுவில் சுவர், ஒரு பாதியில் பூட்டு. பூட்டின பாதியில் கூரை ஓடு நான்கைந்து உடைந்து வானம் தெரிந்தது.

வடிவு கதவைத் திறந்தாள். நாற்பது வயதிருக்கும். தலைமுடி கழுத்தோடு வெட்டியிருந்தது. வேண்டுதல் மொட்டை வளர்ந்தது மாதிரி இல்லை. சீரில்லாமல், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தது. இடது கையால் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வலது கை விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றன.

நான் யாரென்று சொன்னேன்.

"நீங்கதானா அந்த ஆபீசரம்மா?" என்று என்னை நன்றாகப் பார்த்தாள். "உக்காருங்கம்மா. இவுக வேலைக்குப் போயிருக்காக."

"உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். ஆவுடையம்மாள் இந்த வீட்டுக்கு எதுக்கு வந்தா?"

"நான் கூப்பிட்டேன், வந்தா."

எனக்குப் பேனா ஓடவில்லை. "நீங்களா?"

"பின்ன? இந்தக் கையை வச்சிட்டு நான் என்ன செய்ய? சோறு எப்படியும் பொங்கிருவேன். தலை பின்ன முடியுமா? கொசுவம் வச்சுச் சேலை கட்ட முடியுமா? பீடி இலை வெட்ட முடியுமா? இவுக பத்து மணிக்குப் போனா, அவ வருவா. தலையை ஒதுக்கிப் பின்னிவிட்டு, மீன் இருந்தா ஆஞ்சு குடுத்துட்டு, என் தட்டை மடியில வச்சு எனக்கும் சேத்துப் பீடி சுத்துவா. இல்லைன்னா கம்பெனிக்காரன் என் பேரை வெட்டிருவான்லா. பன்னெண்டு மணிக்குப் போயிருவா. நாலு மாசம் வந்தா."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாதா?"

"தெரியாது. சொன்னா விடுவாகளா? என் பொண்டாட்டி கையை ஒடிச்சவன்னு அவுகளுக்கு ஆத்திரம். அது நியாயந்தான. அன்னைக்குப் பாதியில வந்து பாத்துட்டு ஒரே சத்தம். நான் சொல்லச் சொல்லக் காதுலயே வாங்கல."

அவள் தலையைப் பார்த்தேன். அவளும் தெரிந்துகொண்டாள். இடது கையால் தடவிக்கொண்டு, "அவ போனப்பறம் சிக்கு விழுந்து அடை அடையாப் போச்சு. இவுகளையே கத்திரிக்கச் சொல்லிட்டேன். அழுதுட்டே வெட்டுனாக" என்றாள்.

கிளம்பும்போதுதான் அதைக் கேட்டாள்.

"ஏம்மா, ஜூன் மாசத்துல நீங்க வந்து விசாரிச்சதா கோர்ட்டுல எழுதியிருக்காமே. இவுக சொன்னாக. நான் வீட்லதான் இருந்தேன். ரொம்ப யோசிச்சுப் பாத்துட்டேன். மாத்திரை போட்டா ஒரு அசத்து அசத்தும், தூங்கிட்டேன் போல. நீங்க கதவைத் தட்டி நின்னுட்டுப் போயிருப்பீக. பாவி, அன்னைக்கு முழிச்சிருந்தேன்னா உங்கட்ட சொல்லிருப்பேன். அவ ஜெயிலுக்கே போயிருக்க மாட்டா. இதே நெனப்புத்தாம்மா எனக்கு."

பஸ் வருகிற சத்தம் கேட்டது. நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

முறுக்குச் சுட்டேன். எள் கொஞ்சம் கூடிவிட்டது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பெண்கள் கிளைச் சிறை. உத்தரவில் இது இல்லை, நானாகத்தான் போனேன்.

ஆவுடையம்மாள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்ததும் சொந்தக்காரி வந்ததுபோலச் சிரித்தாள்.

"எப்படி இருக்க?" என்றேன்.

"நல்லாத்தாம்மா இருக்கேன். நேரத்துக்குச் சாப்பாடு வருது. பீடி சுத்தாம விரலெல்லாம் ஆறிட்டு பாருங்க. இங்க ஒரு பொண்ணு தையல் சொல்லித் தருது. ஜாக்கெட்டுக்குக் கை வைக்க மட்டும் இன்னும் வரல."

இதைச் சிறையில் இருக்கிறவர்கள் அதிகாரிகளிடம் சொல்லும் பதில் என்று நினைத்தேன். ஆனால் அவள் உண்மையாகத்தான் சொன்னாள்.

வடிவைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அக்கா சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டாங்க. நீ ஏன் கோர்ட்டுல சொல்லல?"

"அத்தானுக்குத் தெரியாமத்தான் அவ கூப்பிட்டாம்மா. நான் வாயத் தொறந்தா அவளுக்குத்தான் ஏச்சு. எனக்கென்ன, ஒரு வருசந்தான."

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். கோயில் கொடைத் திருவிழாவில் வடிவைப் பார்த்தாளாம். சடை அவிழ்ந்து முதுகில் கிடந்ததாம். பக்கத்தில் போய் நின்று, பேசாமல் பின்னிவிட்டாளாம். வடிவும் பேசவில்லை. பின்னி முடித்ததும், "நாளைக்கு அவுக போனப்பறம் வா" என்றாளாம்.

"பேசக் கூடாது, போகக் கூடாதுன்னு நான் வாசிச்சுச் சொன்னேன்ல. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"ஒவ்வொரு ஒண்ணாந்தேதியும் சொல்லணும்னுதான் வருவேம்மா. நீங்க பதிவேட்டத் திருப்பி வச்சு, 'போடு' ம்பீங்க. போட்டுட்டு வந்துருவேன்." குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

நேரம் முடிந்தது என்று வார்டர் வந்தார். ஆவுடை எழுந்துகொண்டே, "அக்கா தலைய இப்ப யாரும்மா பின்னுதா?" என்று கேட்டாள்.

"பாத்துக்கிடுதாங்க" என்றேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மண்டல அலுவலரிடம் போனில் பேசினேன். பொதுவாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன். அவர் அனுபவசாலி. "இதுக்கு ஏம்மா கவலை? 'மேலும் விசாரித்ததில்' னு ஆரம்பிங்க. மேலும்னு போட்டா முன்னாடியும் விசாரிச்சீங்கன்னு ஆகுது. புதுசா தெரிஞ்சதை எழுதுங்க, அந்தப் பொண்ணுக்கும் நல்லது, உங்களுக்கும் சேதாரம் இல்ல" என்றார்.

அப்படியே எழுதினேன். இரண்டு பக்கம், நன்றாகவே வந்திருக்கிறது. வடிவு சொன்னது ஒன்று விடாமல் இருக்கிறது. பரமசிவம் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் இவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கிளிப் எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"குத்தாலத்துக்குக் கூப்பிட்டது நான்தானே" என்றார்.

"நீங்க கூப்பிட்டா நான் ஏன் வரணும்?"

"சரி, இப்பத்தான் நல்லபடியா எழுதிட்டியே. அந்தப் பொண்ணு வெளிய வந்துரும். பழசைக் கிண்டி நீயா ஏன் போய் மாட்டிக்கிடணும்? பதினாறு வருஷ சர்வீஸ்."

"அந்த வடிவு, தான் தூங்கிட்டதாலதான் இவ உள்ள போனான்னு நினைச்சிட்டு இருக்காங்க."

நிகிலாவின் விளையாட்டு உடையை உதறிக் கொடியில் போட்டார். இரண்டு பக்கமும் இழுத்துச் சமன்படுத்தினார். அவ்வளவு நேரம் அந்தத் துணிக்குத் தேவையில்லை.

"அப்ப, நீங்க தூங்கலைன்னு அவங்ககிட்ட யாராவது சொல்லணும்ல" என்றார்.

செப்டம்பர் 2, திங்கள்

பழைய தாளைக் கிழித்துவிட்டு நானே தட்டச்சு செய்தேன். முதல் வரி: "12.6 அன்று நான் கீழப்புதுக்குளம் செல்லவில்லை. யாரையும் நேரில் விசாரிக்கவில்லை." அப்புறம் வடிவு சொன்னது, ஆவுடை சொன்னது, பதினோரு கையெழுத்து, எல்லாம். கடைசியில் பரிந்துரை. இந்த முறை அந்த இடத்தைக் காலியாக விடவில்லை.

பரமசிவம் உறையில் போடும்போது முதல் வரியைப் படித்துவிட்டார். கோந்து தடவி ஒட்டினார். பிறகு, "நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன் மேடம்" என்று கிளம்பிவிட்டார். தபாலுக்கு என்று வைத்திருந்தால் நான் மனசு மாறித் திருப்பி வாங்கிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ.

மத்தியானம் தூக்குவாளியில் இருந்த எலுமிச்சை சாதம் போதவில்லை. கீழே போய் இரண்டு வடை வாங்கினேன்.

செப்டம்பர் 11, புதன்

மாவட்ட நீதிமன்றம்.

வடிவு தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். செல்வின் சொல்லி அனுப்பியிருக்கிறார். சேலையை எப்படியோ சுற்றி ஊக்கு குத்தியிருந்தாள். ஆவுடையைப் போலீஸ் கூட்டிவந்தது. உள்ளே நுழைந்தவள் வடிவின் தலையைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பெண் போலீஸ் தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தாள். சிறையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். என்னை ஒருமுறை பார்த்தாள். 'பாத்துக்கிடுதாங்க' என்று நான் சொன்னது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

நீதிபதி வடிவை முன்னால் வரச் சொன்னார்.

"கையை ஒடிச்சவங்களை நீங்களே வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கீங்க. கோபம் இல்லையா?"

"கோபம் இருக்கத்தான் செய்யுதுய்யா. ஏன் இல்லாம? அதுக்காகத் தலை சிக்கெடுக்காம இருக்க முடியுமா?"

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "யாராவது மிரட்டிச் சொல்லச் சொன்னாங்களா?"

"என்னைய யாரு மிரட்ட? இவளயா? இவ வாயில்லாப்பூச்சி. அன்னைக்கு எப்படித்தான் கை நீட்டுனாளோ."

அடுத்தது நான். அறிக்கையின் முதல் வரியை அவர் சத்தமாக வாசித்தார். என் பெயரும் பதவியும் அதன் பின்னால் வந்தன.

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"குற்றாலத்துல ஐயா."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "உட்காருங்க" என்றார். பதினாறு வருஷத்தில் எத்தனையோ தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு மரம் சுட்டது.

தீர்ப்பை அடுத்த வாரம் சொல்வதாகச் சொன்னார். வராந்தாவில் வடிவு பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷும் சட்டமும் கலந்து போன பேச்சில் பாதி பிடிபட்டிருக்காது. பக்கத்தில் போனேன்.

"ஜூன் மாசம் நான் வரவே இல்லம்மா. நீங்க தூங்கல. பொய்யா எழுதிட்டேன்."

சுருக்குப் பையை மூடினாள். ஒரு கையால் மூட அவளுக்கு நேரம் எடுத்தது. நான் உதவவில்லை, அந்த நேரத்தில் அது சரியாக இருக்காது என்று தோன்றியது.

"அப்ப நான் முழிச்சித்தான் இருந்திருக்கேன்" என்றாள். அப்புறம், "அருவில தண்ணி நல்லா விழுந்துதா?" என்று கேட்டாள்.

குத்திக் காட்டினாளா, உண்மையாகவே கேட்டாளா, தெரியவில்லை.

"விழுந்துச்சு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

செப்டம்பர் 18, புதன்

மேல்முறையீடு ஏற்கப்பட்டது. ஒரு வருஷச் சிறைத் தண்டனை ரத்து. முதல் மீறல் என்பதால் ஐம்பது ரூபாய் அபராதம். கண்காணிப்பு பழையபடி தொடரும். வடிவின் வீட்டுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனை நீக்கப்பட்டது. வடிவு சம்மதிக்கும்வரை போகலாம், பேசலாம். நீதிபதி அதை வாசிக்கும்போது ஆவுடைக்குப் புரியவில்லை. செல்வின் குனிந்து, "வீட்டுக்குப் போகலாம்க்கா" என்றார். "எந்த வீட்டுக்கு?" என்று கேட்டாள்.

தீர்ப்பில் என்னைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. துறைக்கு நகல் அனுப்பச் சொல்லியிருக்கிறார். 'தாமதமாகவேனும்' என்று ஒரு வார்த்தை அதில் வருகிறது. நிகிலா படித்துவிட்டு, "இது திட்டா, பாராட்டாம்மா?" என்றாள். இரண்டும்தான் என்றேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

விளக்கம் கேட்டு ஓலை வந்துவிட்டது. பதினைந்து நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். ஊதிய உயர்வு ஒரு வருஷம் நிற்கும் என்கிறார்கள், இடமாறுதலும் இருக்கலாம். மண்டல அலுவலர் போனில், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று வருத்தப்பட்டார். பதில் எழுத அரை நாள் ஒதுக்கியிருந்தேன். நான்கு வரியில் முடிந்துவிட்டது. மிச்ச நேரத்தில் கண்காணிப்பில் இருக்கும் இரண்டு பேரை வீட்டிலேயே பார்க்கப் போனேன். ஒருவர் வீட்டில் இல்லை. இன்னொருவர் இருந்தார், புதிதாக ஆடு வாங்கியிருக்கிறார், காட்டினார்.

வாழைக்காய் வறுவல். தூக்கம் நன்றாக வருகிறது.

அக்டோபர் 1, செவ்வாய்

ஒன்றாம் தேதி. பதினொரு மணிக்கு ஆவுடை வந்தாள். பின்னால் வடிவு. ஜன்னல் வழியாகப் பார்த்தால், வேப்பமரத்தடியில் மொபெட்டின் மேல் ஓர் ஆள் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குரலைத்தான் அருவி இரைச்சலில் கேட்டிருக்கிறேன், ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

"அவுக கொண்டுவந்து விட்டாக. உள்ள வர மாட்டாக" என்றாள் வடிவு.

பரமசிவம் பதிவேட்டைக் கொண்டுவந்தார். அதை மூடியபடியே ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பேரையும் உட்காரச் சொன்னேன். "சொல்லு ஆவுடை. எப்படிப் போகுது?" என்றேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வடிவுக்குத் தெரிந்திருந்தது.

"இவளத் திரும்ப வீட்டுக்கு வரச் சொல்லுங்கம்மா. பக்கத்துத் தெருவுல அந்த இருட்டுக் குச்சுல என்னத்துக்குக் கெடக்கணும்?"

"நான் வர மாட்டேன்னா சொன்னேன்? அந்தப் பக்கம் ஓடு உடைஞ்சு கெடக்கு. மழை பெஞ்சா எங்கன படுக்க?"

"நாலு ஓடுதான ஏட்டி? ஊரு ஒலகத்துல ஓடு உடையாத வீடு உண்டா?"

"நாலு இல்ல, ஏழு. நீ எண்ணிப் பாத்தியாக்கா? எண்ணாமப் பேசாத."

"நீ மட்டும் ஏணி வச்சு ஏறி எண்ணுனியோ?"

"கீழ நின்னாலே தெரியுது, வானமா கெடக்கு. அத்தான்ட்ட கேளுன்னேன், கேட்டியா? அதுக்கு வாய் வராது. என்னைய மட்டும் ஏசு."

"நான் எங்க ஏசுனேன்? இதுக்குப் பேரு ஏச்சா? ஏசுனா நீ தாங்குவியா?"

குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து அறையிலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். பரமசிவம் பதறி என்னைப் பார்த்தார். கண்காணிப்பில் இருக்கிறவள் கண்காணிப்பு அலுவலகத்திலேயே சண்டை போடுகிறாள், அதுவும் யாரோடு. நான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். பேசட்டும்.

அப்போது ஜன்னலுக்கு வெளியேயிருந்து, வேப்பமரத்தடியிலிருந்து, அந்தக் குரல் வந்தது.

"ஏ வடிவு! நேத்து நீ பீடி குடுக்கப் போனப்பவே ஓடு மாத்தியாச்சுன்னு அவட்ட சொல்லு! ஒம்பது ஓடு!"

ஆவுடை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வடிவு தொண்டையைச் செருமிக்கொண்டாள். முழங்கை இடிக்கிற தூரத்தில் இருந்தவளுக்கு அது கேட்டிருக்கவே முடியாது என்பதுபோல, அவள் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னாள்:

"மாத்தியாச்சாம் ஏட்டி. ஒம்பதாம்."